தூண்டில் அளக்கும் பருவம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே இடவையில் தொடங்கித் தெற்கே பொழியூரில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 78 கிலோமீட்டர். பொழியூருக்கு அப்பால் குமரி மாவட்டத்தின் நீரோடி. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நிலம் இரண்டாகப் பிரிந்தது; கடல் பிரியவில்லை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் முக்குவர்க்கு மீன் ஒன்று, காற்று ஒன்று, தொழிற்சொற்களும் பெரிதும் ஒன்று. கடலடிப் பாறைத்திட்டை அவர்கள் பார் என்பர். நீரோட்டத்தை நீவாடு என்பர். ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை உள்ள நீளம் ஒரு பாகம். கயிறு இறங்க இறங்கக் கையாலேயே எண்ணிவிடத்தக்க அளவு அது.

கேரளத்தின் வடகரைகளைவிட இக்கரையில் தூண்டிலுக்குச் சிறப்பிடம் உண்டு. அதைத் தந்தது கடலின் அடித்தளமே. ஆலப்புழைப் பக்கத்தில் கடலடி சேறு, சரிவும் மெல்லியது. மழைக்காலத்தில் அங்கே சில இடங்களில் சேறு கிளர்ந்து நீரோடு கலந்து, அலையின் வலிமையைத் தானே உண்டுவிடும். அந்த அமைதிநீரைச் சாகர என்று கொண்டாடி வலை வீசுவர். தெற்கே வர வரக் கண்டத்திட்டு குறுகுகிறது. விழிஞத்தில் கரைக்கு மிக அருகிலேயே ஆழம் 20 மீட்டரை நெருங்கிவிடுகிறது. பன்னாட்டுப் பெருந்துறைமுகத்துக்கு அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்த இயற்கை ஆழத்தால்தான். கடலடியில் ஆங்காங்கே பார்கள் எழுந்து நிற்கின்றன. பாரின் மேல் வலை இழுத்தால் வலை கிழியும். மீன் பாறை இடுக்கில் ஒளியும். ஈயக்குண்டு கட்டிய கயிறும் இரை கோத்த முள்ளுமே அங்கே செல்லும். கலவாவும் விளமீனும் பாரையும் அவ்வாறு தூண்டிலுக்கே உரிய மீன்களாயின.

தூண்டில் மீனைப் பிடிக்கும் கருவி மட்டுமன்று. கடலின் பருவத்தை அளக்கும் கருவியும் அதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்கப் பருவம் என்பது இக்கடலில் என்ன பொருள்படுகிறது என்று முதலிற் காண வேண்டும்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் வாலாய் என்றொரு நன்னீர் மீன் உண்டு. மிச்சிகன் ஏரியின் கிரீன் விரிகுடாவிலும் ஊரன் ஏரியின் சாகினா விரிகுடாவிலும் அதனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் மிகப் பலர். அவர்களுடைய ஆண்டைப் பகுப்பது பனிக்கட்டி. கட்டி உடைந்து நீர் சற்றே வெதும்பும்போது வாலாய் ஆற்றுவாய்களுக்கும் கற்பரப்புகளுக்கும் முட்டையிட வரும். கோடையில் பகலொளிக்கு அஞ்சி ஆழத்தில் தங்கி, மாலை மங்கியபின் இரை தேடும். குளிர் முற்றி ஏரி உறைந்தால், உறைந்த பரப்பில் துளையிட்டு அதன் வழியே தூண்டில் இறக்குவர். கதிரவன் தெற்கே விலகினால் குளிர்; வடக்கே நெருங்கினால் வெம்மை. அங்கே பருவத்தை வானமே நேராக வகுக்கிறது.

திருவனந்தபுரக் கடலில் இக்கணக்கு செல்லாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் உள்ள இந்நகரில் கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: பங்குனி இறுதியில் ஒருமுறை, ஆவணி நடுவில் ஒருமுறை. முதன்முறை வரும்போது கடல் கொதித்துக் கிடக்கிறது. இரண்டாம் முறை அதே கதிரவன் அதே உச்சியில் நிற்க, கடலோ ஆண்டின் குளிர்ந்த காலத்தில் இருக்கிறது. ஒரே வானத்தின்கீழ் இரண்டு கடல்கள். இந்த வேறுபாட்டைக் கொண்டுவருவது கீழிருந்து எழும் நீர்.

சித்திரை, வைகாசியில் தென்கிழக்கு அரபிக்கடலின் மேனீர் உலகக் கடல்களிலேயே மிக வெதும்பிய நீர்ப்பரப்புகளுள் ஒன்றாகிவிடுகிறது. வெப்பநிலை 30 செல்சியஸைக் கடக்கும். வெந்நீர் எடை குறைந்தது. அது மேலேயே மிதக்கும். அதன்கீழே, சில பத்து மீட்டர் ஆழத்தில், வெப்பநிலை விரைந்து சரியும் அடுக்கு ஒன்று கிடக்கிறது. அதற்கும் கீழே குளிர்நீர். இடையிலுள்ள அந்த அடுக்கை வெப்பச்சரிவு அடுக்கு என்போம். இக்கடலின் பருவ மாற்றம் முழுவதும் இவ்வடுக்கு ஏறுவதும் இறங்குவதுமே.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கேரளக் கரையை ஒட்டிய காற்று வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கரைக்கு இணையாக வீசத் தலைப்படும். புவி சுழல்வதால், வடபாதி உலகில் காற்று உந்தும் மேனீர் காற்றின் போக்கிலேயே செல்லாது, வலப்புறமாக விலகும். இங்கே வலப்புறம் ஆழ்கடல். ஆகவே மேனீர் கரையைவிட்டு அகல்கிறது. அகன்ற இடம் வெறுமையாய் நிற்க முடியாது. கீழ்நீர் ஏறி நிரப்புகிறது. ஒரு நாளைக்கு ஓரிரு மீட்டர் அளவிலான மெல்லிய ஏற்றமே எனினும் வாரங்கள் செல்லச் செல்ல, ஆழத்தில் கிடந்த குளிர்நீர் கரைக்கடலையே மூடிவிடும். நீர் மேலெழுகை எனப்படும் இந்நிகழ்ச்சி முதலில் தலைகாட்டுவது குமரிமுனையை ஒட்டிய தென்கோடியில். பின்னர் அது வடக்கே கொல்லம், கொச்சி எனப் படர்கிறது. காற்று வலுப்பெறுமுன்பே தென்கோடியில் குளிர்நீர் ஏறத் தொடங்கிவிடுவதும் உண்டு. வங்கக்கடலில் பிறந்து, இலங்கையைச் சுற்றி, கரையைப் பற்றிக்கொண்டே வரும் நெடிய உள்ளலைகள் இந்த அடுக்கை முன்கூட்டியே தூக்கிவிடுகின்றன. கீழைக்கடலின் செய்தி மேலைக்கடலுக்கு இவ்வாறு நீருக்குள்ளேயே வந்து சேர்கிறது. கடலியல் கண்டவற்றுள் இதனினும் வியப்பளிப்பது சிலவே என்பேன்.

ஏறும் நீர் இரண்டு பொருள்களைக் கொண்டுவருகிறது. ஒன்று உரம்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். ஒளிபடும் மேல்மட்டத்தை அவை எட்டியதும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பல்கிப் பெருகும். நீலக்கடல் பசுமை பூணும். அப்பாசியை உண்ணும் சிற்றுயிர்களும் அவற்றை உண்ணும் மீன்குஞ்சுகளும் பின்தொடரும். சாளை முட்டையிடுவது இக்காலத்தை ஒட்டியே. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் உணவு காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு அம்மீனின் பிறவியிலேயே பதிந்திருக்கிறது.

இரண்டாவது பொருள் ஒரு குறை. நெடுங்காலம் ஆழத்தில் கிடந்த நீரில் உயிர்வளி மிகக் குறைவு. மேலே பெருகிய பாசி இறந்து அடியிற் படிந்து அழுகும்போது எஞ்சிய உயிர்வளியும் செலவாகிறது. 1950-களின் இறுதியில் கொச்சியில் ஆய்வு செய்த கடலியலாளர் கார்ல் பான்சே, பருவமழைக்காலத்தில் கண்டத்திட்டின் அடிநீர் உயிர்வளி குன்றிப்போவதையும், அடித்தள மீன்கள் அந்நீரைவிட்டு விலகுவதையும் விளக்கி 1968-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். தூண்டிற்காரர் அறிய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. பங்குனியில் முப்பது பாகத்தில் இரை கொத்திய மீன் ஆடியில் அங்கே கொத்தாது. கயிற்றை ஏற்றினால் இரை தொடப்படாமல் வரும். ஈயக்குண்டு கைக்குச் சில்லென்று இருக்கும். குளிர்நீர் எந்த ஆழம் வரை ஏறியிருக்கிறது என்பதை அந்தக் கயிறு சொல்லிவிடுகிறது. அந்த எல்லைக்குமேல் முள்ளை நிறுத்துபவர்க்கு மீன் உண்டு. உயிர்வளியற்ற நீருக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே நெருக்குண்டு, மீன்கள் மேலடுக்கிலும் கரையோரத்திலும் திரண்டு நிற்கும் காலம் அது.

எனவேதான் விழிஞம் பிற ஊர்கள் முடங்கும் மழைக்காலத்தில் பொலிவுறுகிறது. திறந்த கரைகளில் ஆடி அலையைக் கிழித்துப் படகு இறக்குவது உயிரோடு விளையாடுவது. பண்டை ஆய்வேளிரின் துறையாக விளங்கிய விழிஞத்துக் குடாவையோ குன்றமும் அலைத்தடுப்பும் காக்கின்றன. பூந்துறை, புல்லுவிளை, அஞ்சுதெங்கு என வடக்கிலும் தெற்கிலுமுள்ள ஊர்ப் படகுகள் பல அத்திங்கள்களில் விழிஞத்திற்கே வந்து தங்கித் தொழில் செய்யும். நெத்தலியும் சாளையும் அயிலையும் கணவாயும் குவிவது அப்போதுதான்.

மழைக்கால இழுவலைத் தடையைக் கேரளம் 1988-இல் கொண்டுவந்தது. இன்று அது சூன் 9 நள்ளிரவு முதல் சூலை 31 வரை 52 நாள் நீடிக்கிறது. மரபுவழி மீனவர்க்குத் தடை இல்லை. சில அடி எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் மேலைக்கரையில் சூன், சூலை இரு திங்களும் தடை. கீழைக்கரையிலோ ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை. முட்டையிடும் காலத்தில் அடித்தளத்தைச் சுரண்டும் இழுவலையை நிறுத்துவது முற்றிலும் முறையே. ஒரு முள்ளுக்கு ஒரு மீனென எடுக்கும் தூண்டிலுக்கு அத்தடை வேண்டியதில்லை என்று கேரளம் பிரித்தறிந்ததும் முறையே.

பாசிப் பெருக்கம் எப்போதும் நன்மையே பயக்கும் என்றும் கொள்ளலாகாது. 2004 செப்டம்பரில் தென்கேரளக் கடற்கரையில் கடலிலிருந்து முடைநாற்றம் எழுந்தது. குழந்தைகள் பலர் குமட்டலும் மூச்சுத்திணறலும் கொண்டு மருத்துவமனைக்குச் சென்றனர். ஆய்வாளர் காட்டிய ஏது பாசியின் மிகைப் பெருக்கமும் அழிவுமே. உரத்தை வாரி வழங்கும் அதே நீர் அளவு கடந்தால் நஞ்சாகிறது.

ஆவணி, புரட்டாசியில் காற்று தணியும். நீரின் பச்சை மெல்ல வெளுக்கும். தூண்டிற்காரர்க்கு இது கணவாய்க் காலம். கணவாயின் கண் ஆராயத்தக்கது. அதற்கு நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. ஆனால் மனிதக் கண் காணாத ஒன்றை அது காண்கிறது: ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மையை. நீரில் மிதக்கும் கண்ணாடிபோன்ற இறாலும், வெள்ளி மின்னும் சிறுமீனும் அந்த ஒளியில் தெளிவாகப் புலப்படும். மினுக்கிழையும் வண்ண நூலும் சுற்றிய போலி இரையை மேலும் கீழுமாக ஆட்டும்போது கணவாயை ஈர்ப்பது அதன் நிறமன்று, மின்னலும் அசைவுமே. தென்கரை மீனவர் சிலர் தென்னங்குலைக் காம்புகளைக் கட்டாகக் கட்டிக் கடலில் நிறுத்தி, முட்டை ஒட்டவைக்க இடம் தேடிவரும் கணவாயை அங்கே பிடிக்கக் கற்றனர். கூரிய அறிவு அது. எனினும் முட்டையிட வந்த தாயையே எடுக்கும் முறை. ஆய்வாளர் எதிர்த்ததில் நேர்மை உண்டு. இம்முறையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்தும்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது வாலாய் மீண்டும் நினைவிற்கு வருகிறது. அதன் விழித்திரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஒருமுறை தப்பிய ஒளி திரும்பி வந்து மறுமுறை உணர்வணுக்களைத் தொடும். அரையிருளில் இரையினும் வேட்டைமீன் நன்கு காணும். இதே கருவியைத் தென்னகக் கடலில் தாங்கி நிற்பது பிரயாகாந்தசு பேரினத்துச் செந்நிற மீன். முகத்தின் பெரும்பகுதி கண்ணே. பகலில் ஆழத்திலும் பாறைநிழலிலும் தங்கி இரவில் இரை தேடும் அம்மீனின் கண்ணில் விளக்கொளி பட்டால் தணல்போல் ஒளிரும். உப்புநீரும் நன்னீரும், வெப்ப நாடும் உறைபனி நாடும் வேறாயினும் மங்கிய ஒளி என்னும் ஒரே சிக்கலுக்கு இயற்கை ஒரே விடையை இருமுறை கண்டுபிடித்திருக்கிறது. அந்தியிலும் விடியலிலும் தூண்டில் நன்கு கடிபடுவதற்கு இதுவும் ஓர் ஏது. சிற்றுயிர்த் திரள்கள் இருள் சூழ்ந்ததும் ஆழத்திலிருந்து மேலேறி, விடியுமுன் இறங்கும். அவற்றைத் தொடர்ந்து மீனும் ஏறி இறங்கும். நிலவு நாளில் அந்த ஏற்றம் குறையும். நிலவையும் இருளையும் கணக்கிட்டே இரவுத்தொழிலுக்குச் செல்கின்றனர்.

ஐப்பசிக்குப் பின் கடல் மறுபக்கம் புரள்கிறது. கரையோர நீரோட்டம் மழைக்காலத்தில் தெற்கு நோக்கி ஓடியது. இப்போது வடக்கு நோக்கித் திரும்புகிறது. கங்கை முதலிய பேராறுகள் கலந்து உப்புக் குறைந்த வங்கக்கடல் நீர் இலங்கையையும் குமரியையும் சுற்றி இப்பக்கம் வருகிறது. வெப்பச்சரிவு அடுக்கு கரைக்கு அப்பால் நூறு மீட்டரையும் தாண்டிக் கீழிறங்கும். பார் மீன்கள் தம் பழைய இடங்களுக்குத் திரும்பும்; தூண்டிற்கயிறு நீளும். சூரையையும் சுறாவையும் நாடி ஆயிரங்கால் தூண்டிலோடு பல நாள் கடலில் தங்குவோர் செல்லும் காலமும் இது. சங்குமுகம் முதலிய கரைகளில் மழைக்கால அலை அரித்த மணலைக் கடல் மெல்லத் திருப்பித் தரும். அம்மணல்மேல் நின்று கம்பவலை இழுப்பர்.

மீனவர் இதனை அமைதிக்காலமாகவே அறிந்திருந்தனர். 2017 நவம்பர் 30 அந்த நம்பிக்கையை உடைத்தது. இலங்கைக்குத் தெற்கே உருவான தாழ்வழுத்தம் குமரிக்கு அருகே வந்ததும் மிக விரைந்து ஒக்கிப் புயலாக வலுத்தது. கடலில் ஏற்கெனவே இருந்தவர்க்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கேரளம், தமிழ்நாடு இரண்டிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அவருள் மிகப் பலர் ஆழ்கடல் தூண்டிற்காரர். பூந்துறையிலும் விழிஞத்திலும் குமரியின் தூத்தூர்ப் பகுதியிலும் அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

பார்கள் எங்குள்ளன என்பதை எவ்வாறு நினைவிற் கொண்டனர்? கரையிலுள்ள மலைமுகடு, கோயிற்கோபுரம், தேவாலய உச்சி, உயர்ந்த தென்னை ஆகியவற்றுள் இரண்டை ஒரு நேர்க்கோட்டில் வைப்பர். வேறிரண்டைப் பிறிதொரு கோட்டில் வைப்பர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். கணியம் என்னும் இம்முறை முக்கோணவியலே. செயற்கைக்கோள் இடங்காட்டி வந்தபின் இளைஞர்க்கு இது தேவைப்படவில்லை. ஆனால் இடங்காட்டி புள்ளியை மட்டுமே தரும். எந்த நீவாட்டில், எந்தத் திங்களில், எத்தனை பாகத்தில் அப்பாரில் மீன் நிற்கும் என்பது கணியத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்ட அறிவு. பாரைக் காட்டும் திரை வந்ததும் அதனோடு வந்த பாடம் கைவிடப்படுகிறது. கடல் ஆய்வாளர் இராபர்ட்டு பனிப்பிள்ளை போன்றோர் இவ்வறிவைத் தொகுத்தெழுதியது பெரும்பணி.

பாரின் அருமையை அறிந்தே 1980-களில் இக்கரையின் மீனவர் கற்காரைக் கட்டுமானங்களை இறக்கிச் செயற்கைப் பார்களை அமைத்தனர். இழுவலை அழித்த இடத்தை மீட்க மக்களே செய்த முயற்சி அது. பொருளியல் அறிஞர் சான் குரியன் 1995-இல் எழுதிய ஆய்வால் அதனை உலகு அறிந்தது. அதே கரையில் 2024 சனவரியில் அரசுத்திட்டமாகச் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன: பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு 6,300 கட்டமைப்புகள். கலவாபோன்ற மீன்களுக்கு இது மிக வேண்டும். கலவா பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து முதிர்ந்தபின் ஆணாக மாறும் இனம். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் அவ்விடத்து ஆண்கள் அருகிவிடும், முட்டை கருவுறாது.

கடல் இன்று பழைய கணக்கில் நடக்கவில்லை. 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 இலக்கம் டன் சாளை கிடைத்தது; 2021-இல் கிடைத்தது 3,297 டன். நடுவண் கடல்மீன் வள ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. கடல் வெதும்புவதும், மேலெழுகையின் வலிமை ஆண்டுக்காண்டு மாறுவதும், குஞ்சுகளை அள்ளியதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எசு.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் 2025 மே 25-இல் மூழ்கியபின் நெகிழி மணிகள் திருவனந்தபுரக் கரை வரை ஒதுங்கின. குளிர்நீர் ஏறும் பருவத்தின் தொடக்கமும் அதுவே.

இந்நிலையில் ஒரு குறை என்னை உறுத்துகிறது. மீன் கூடுமிடங்களை முன்னறிவிக்கும் ஐதராபாத்து நிறுவனம் செயற்கைக்கோள் தரும் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் நம்பியிருக்கிறது. மேலெழுகை உச்சத்தில் நிற்கும் ஆனி, ஆடியில் வானை முகில் மூடிவிடுவதால் அக்கண்கள் பெரிதும் குருடாகின்றன. பெருங்கடல்களில் மூழ்கி மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் ஆழ்கடலுக்கானவை. கண்டத்திட்டின் ஆழமற்ற நீருக்குள் அவை வருவதில்லை. அறிய வேண்டிய காலத்தில், அறிய வேண்டிய இடத்தில், அளக்கும் கருவி அரிது. ஆனால் அதே காலத்தில், அதே இடத்தில், விழிஞத்துப் படகுகளின் ஈயக்குண்டுகள் நாள்தோறும் குளிர்நீரின் எல்லையைத் தொட்டுத் திரும்புகின்றன. அவை கொண்டுவரும் செய்தி கைவிரல்களில் தொடங்கி அங்கேயே மறைகிறது.

இதனை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கியிறால் பொறி வைக்கும் மீனவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் பொறிகளில் வெப்பமானி பொருத்தி அடிநீரின் வெப்பத்தைப் பதிந்து தருகின்றனர். நியூசிலாந்தில் மோவானா என்னும் திட்டத்தின்கீழ் மீன்பிடிக் கருவிகளிலேயே உணரிகள் பொருத்தப்பட்டுக் கடல்நிலைக் கணிப்பு செம்மையாக்கப்பட்டது. அத்தகைய உணரியை ஈயக்குண்டுக்கு மேலே ஒரு சாணில் கட்டிவிடலாம்.

விழிஞத்தில் நடுவண் கடல்மீன் வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு நடுவம் இருக்கிறது. படகுகள் அருகிலேயே நிற்கின்றன. அந்நிறுவனமும் கேரள மீன்வளத் துறையும் வரும் வைகாசிக்குள் இப்பணியைத் தொடங்க வேண்டும். பொழியூர் முதல் அஞ்சுதெங்கு வரை ஊருக்குச் சில தூண்டிற்காரரைத் தேர்ந்து உணரி கொடுக்க வேண்டும். முள் நின்ற ஆழம் எத்தனை பாகம், கடித்த மீன் யாது, நீவாடு எப்பக்கம் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே பதிய வேண்டும். திரட்டிய கணக்கை அதே வாரத்தில் அவ்வூர்களுக்கே திருப்பித் தர வேண்டும். ஆய்வேட்டில் அவர்களின் பெயர் துணைநின்றோர் வரிசையில் அன்று, ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.